முகட்டுக்கு மேலா, கீழா?

இரவு வானம் – 9

போடிநாயக்கனூரின் மேற்கு வானம் போடிமெட்டு மலைமுகட்டில் தொடங்குகிறது. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 350 மீட்டர் உயரத்தில் உள்ள ஊருக்கு மேற்கே மலை சுமார் 1,400 மீட்டர் வரை எழுந்து நிற்பதால், சமவெளியில் அடிவானத்தை ஒட்டித் தெரிய வேண்டிய விண்மீன்கள் இங்கே மறைந்துவிட, சரிவில் எரியும் விளக்குகள் அவற்றின் இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. நிலவற்ற இரவில் மலையும் வானும் ஒரே இருளாகக் கலந்துவிடும். ஆகவே, இனம் தெரியாத ஒளியை ஆராய விரும்புபவர், தாம் வழக்கமாக நிற்கும் மொட்டைமாடியிலிருந்து தெரியும் முகட்டின் வடிவத்தைப் பகலிலேயே ஒரு தாளில் வரைந்து வைத்துக்கொள்வது நல்லது. இரவில் கேட்க வேண்டிய முதல் கேள்வி, ஒளி அந்தக் கோட்டுக்கு மேலே உள்ளதா, கீழே உள்ளதா என்பதே.

கீழே உள்ளவற்றுள் அடிக்கடி தெரிவது மலைப்பாதை வாகனங்களின் ஒளி. கொண்டை ஊசி வளைவில் திரும்பும் ஜீப்பின் முகப்பு விளக்கு ஒரு கணம் ஊரை நோக்கிப் பளிச்சிட்டு, மரங்களுக்குப் பின் மறைந்து, சற்று நேரத்தில் வேறோர் உயரத்தில் எதிர்த்திசையில் நகரத் தொடங்கும்; விடியுமுன் ஏலத்தோட்டத் தொழிலாளர்களை ஏற்றிச் செல்லும் ஜீப்புகளில் வெண்மையும் செம்மையும் மாறி மாறித் தெரிவது, பாதை திரும்பும்தோறும் முன்விளக்கும் பின்விளக்கும் இடம் மாறுவதால்தான். கோடையில் மணிக்கணக்கில் மெல்ல ஊர்ந்து நீளும் செந்நிறக் கோடு காட்டுத்தீயாக இருக்கலாம். 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் மலையேற்றக் குழுவினர் பலரின் உயிரைப் பறித்த தீக்குப் பிறகு, அத்தகைய ஒளியைக் கண்டவுடன் வனத்துறைக்குத் தெரிவிப்பதன் அவசியத்தை இப்பகுதியில் எவருக்கும் விளக்க வேண்டியதில்லை.

முகட்டுக்கு மேலே அசையாது நிற்கும் பேரொளி பெரும்பாலும் வெள்ளிக் கோளே. சூரியனிலிருந்து 47 டிகிரிக்கு மேல் விலகாத இக்கோள், மாலையில் தோன்றும் மாதங்களில் சூரியன் மறைந்து ஏறக்குறைய மூன்று மணி நேரம் வரை மேற்கில் நிற்கக்கூடும். வானம் ஒரு டிகிரி நகர நான்கு நிமிடம் ஆவதால், முகடு ஆறு டிகிரி மறைக்கும் இடத்தில் வெள்ளி உண்மையான மறைவுக்கு 24 நிமிடம் முன்னதாகவே, யாரோ விளக்கை அணைத்தாற்போல் சட்டென்று காணாமற்போகும். சித்திரை, வைகாசி மாலைகளில் மேற்கே இறங்கும் சிரியஸ் விண்மீனோ, அடர்ந்த காற்றடுக்கின் வழியே அதன் ஒளி வருவதால், சிவப்பும் பச்சையும் நீலமுமாக மாறி மாறி மின்னும். இருளில் தனித்து நிற்கும் ஒளியை உற்றுப் பார்த்தால் அது தானே அசைவதுபோல் தோன்றுவதும் உண்டு. இது கண்ணின் மயக்கம் என்பதால், சுவர் விளிம்பையோ தென்னங்கீற்றையோ அடையாளமாக வைத்துப் பார்த்தே அசைவை உறுதிசெய்ய வேண்டும்.

உண்மையாகவே நகரும் ஒளிகளை வேகமும் நேரமும் பிரித்துக் காட்டும். சிமிட்டும் விளக்குகளுடன் செல்வது விமானம். சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் பன்னாட்டு விண்வெளி நிலையம் சிமிட்டாமல் சில நிமிடங்களில் வானைக் கடந்து, பூமியின் நிழலுக்குள் நுழைந்தால் நடுவானிலேயே மறைந்துவிடும். 2019 மே மாதம் முதல் கூட்டமாக ஏவப்படும் ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள் தொடக்க நாட்களில் ஒரே வரிசையில் செல்லும். 2021 டிசம்பர் 3 அன்று பஞ்சாப் மக்களை வியக்கவைத்த ஒளி வரிசை இதுவே. எரிகற்கள் விநாடிக்கு 11 முதல் 72 கிலோமீட்டர் வேகத்தில் காற்றுமண்டலத்தில் நுழைவதால் அவற்றின் ஒளி சில விநாடிகளில் முடிந்துவிட, விநாடிக்கு எட்டு கிலோமீட்டருக்கும் குறைந்த வேகத்தில் நுழையும் ராக்கெட் மிச்சங்கள் துண்டு துண்டாகச் சிதறி, நெடுநேரம் எரிந்து செல்லும். 2022 ஏப்ரல் 2 அன்று மகாராஷ்டிர வானில் அப்படி ஓர் ஒளி கடந்த பின், சந்திரப்பூர் மாவட்டத்தில் பெரிய உலோக வளையம் ஒன்று கிடைத்தது. சீன ராக்கெட்டின் பகுதியாக அது இருக்கலாம் என்று வல்லுநர்கள் கணித்தனர்.

இவ்வளவையும் பிரித்தறியக் குறிப்பேட்டில் நேரம், திசை, உயரம், நீடித்த காலம் ஆகிய நான்கும் இருந்தாக வேண்டும். நீட்டிய கையின் மூடிய முட்டி ஏறத்தாழ 10 டிகிரி அகலத்தை மறைக்கும் என்பதால் உயரத்தை அளக்கக் கருவி தேவையில்லை; போடியில் துருவ விண்மீனின் உயரமும் அந்த ஒரு முட்டி அளவே. ஐயம் தீராதபோது, போடியில் ஒருவரும் அருகிலுள்ள சிலமலை ஊரில் ஒருவரும் கைப்பேசியில் பேசிக்கொண்டே ஒரே ஒளியை நோக்கலாம். இருவருக்கும் அது மலையின் ஒரே பாறைக்கு மேலே தெரிந்தால் ஒளி அந்த மலையைச் சார்ந்தது. வெவ்வேறு சிகரங்களுக்கு மேலே, ஆனால் ஒரே திசையில், ஒரே உயரத்தில் தெரிந்தால் அது வெகுதொலைவில் உள்ளது. பார்ப்பவரின் இடம் மாறப் பொருளின் திசை மாறித் தோன்றும் இவ்வியல்பை இடமாறு தோற்றம் என்பர். விண்மீன்களின் தொலைவை வானியலாளர் அளக்கும் முறைக்கும் இதுவே அடிப்படை.

நகராமலும் மின்னாமலும் மங்கலாகப் பரவித் தெரியும் இராசிவட்ட ஒளியும் மாகெல்லன் மேகங்களும் அடுத்த பகுதியில் ஆராயப்படும்.

(தொடரும்)