வாடிக்கையாளர் பெயரில் ஒரு பலகாரம்

நமது நெல்லைச் சீமையில் பலகாரத்துக்கு ஊர்ப்பெயர் வருவது வழக்கம். அல்வா என்றால் திருநெல்வேலி. மக்ரூன் என்றால் தூத்துக்குடி. ஆனால் கேட்டு வாங்கிச் சாப்பிட்டவரின் பெயரே ஒரு பலகாரத்துக்கு நிலைத்த கதையும் உண்டு. வணிகர்களாகிய நாம் அறிய வேண்டிய கதை அது.

பம்பாயில் வில்லிங்டன் ஸ்போர்ட்ஸ் கிளப் இருக்கிறது. பின்னாளில் நமது சென்னை மாகாணத்துக்கும் கவர்னராக வந்த வில்லிங்டன் பிரபு, பம்பாய் கவர்னராக இருந்தபோது நிறுவியது. 1960-களில் அங்கே வந்துபோன தொழிலதிபர் தேவி பிரசாத் கெஜ்ரிவால். டில்லி அரசியல்வாதி வேறு, இவர் வேறு. மார்வாரிக் குடும்பம், வீட்டில் சுத்த சைவம், முட்டை வாசற்படி ஏறாது. அவருக்கோ முட்டை மீது ஆசை. ஆகவே கிளப்புக்கு வந்தால், வாட்டிய ரொட்டியில் சீஸும் நறுக்கிய பச்சை மிளகாயும் சேர்த்து உருக்கி, மேலே நம் ஊர் ஆஃபாயில் போல முட்டை வைத்துத் தரச் சொல்வாராம். மூடுவதற்கு மேல்ரொட்டி கிடையாது. பார்த்தவர்கள் தாங்களும் அதையே கேட்க, பண்டத்தின் பெயரே ‘கெஜ்ரிவால்’ என்றாகிவிட்டது. இன்று லண்டன், நியூயார்க் வரை அது போயிருக்கிறது.

இதில் புதுச் சரக்கு ஒன்றுமில்லை. ரொட்டி, முட்டை, மிளகாய், சீஸ், அவ்வளவுதான். வாடிக்கையாளர் கேட்டதை முகம் சுளிக்காமல் செய்து கொடுத்ததே முதலீடு.

நாம் இதற்கு நேர்மாறாக நடந்ததுண்டு. பல ஆண்டுகளுக்கு முன் பேட்டையிலிருந்து வரும் சில்லறைக் கடைக்காரர் ஒருவர் ஒரு பெட்டி சீஸ் கேட்டார். “அதெல்லாம் இங்கே யார் வாங்கப்போறா, அண்ணாச்சி?” என்று சிரித்து அனுப்பிவிட்டோம். அவர் வேறிடம் தேடிக்கொண்டார். சீஸோடு நிற்கவில்லை; அடுத்த மாதம் அவருடைய பருப்பு, சீனி, எண்ணெய் எல்லாம் அங்கேயே போயிற்று. இழந்தது ஒரு பெட்டி அல்ல, ஒரு கணக்கு.

அன்றிலிருந்து கல்லாவில் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். கேட்டு இல்லையென்று சொன்ன சரக்கை அன்றன்றே எழுதுவோம். மூன்று பேர் கேட்டால் கொஞ்சமாக வரவழைப்போம். சீஸ் போன்றவற்றுக்குக் குளிர்பெட்டி வேண்டும், காலாவதித் தேதியும் பார்க்க வேண்டும், ஆகவே அளவோடுதான். யார் எதற்கு வாங்குகிறார் என்று விசாரிப்பதில்லை. நம் ஊரிலும் வீட்டில் முட்டை புழங்காத குடும்பங்கள் உண்டு, வெளியில் சாப்பிடுகிறவர்களும் உண்டு. அது அவரவர் விஷயம்.

உறுப்பினர்களும் ஒரு நோட்டுப் போட்டுப் பார்க்கலாம். செலவு சொற்பம்.