எதிரிக்கு மாலை போட்டு ஆடிய வீரர்கள்!
ஒரே குடும்பத்தில் 4 ஆட்டக்காரர்கள்: பசிபிக் தீவின் அதிசயக் கால்பந்து கோஷ்டி

கால்பந்துப் பந்தயத்தில் ஒரு கோஷ்டி 10 கோல் வாங்கித் தோற்றால் என்ன நடக்கும்? பார்க்க வந்தவர்கள் கேலி செய்வார்கள். பாதியிலேயே எழுந்து வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

ஆனால், 2013-ம் ஆண்டு ஜூன் 20-ந் தேதி அப்படி நடக்கவில்லை.

பிரேசில் நாட்டில் ரியோ டி ஜெனிரோ நகரில் மரக்கானா என்ற புகழ் பெற்ற மைதானம் இருக்கிறது. அன்று அங்கே 70 ஆயிரத்துக்கு மேற்பட்ட ஜனங்கள் கூடியிருந்தார்கள். 10 கோல் போட்ட கோஷ்டிக்கு அவர்கள் ஜே போடவில்லை. 10 கோல் வாங்கிய கோஷ்டிக்குத்தான் கை தட்டினார்கள். அவர்கள் காலுக்குப் பந்து வந்தபோதெல்லாம் ஆரவாரம் செய்தார்கள்!

10 கோல் போட்டவர்கள் ஸ்பெயின் நாட்டுக்காரர்கள். அப்போது உலகச் சாம்பியன்கள் அவர்கள்தான்.

10 கோல் வாங்கியவர்கள் யார்? டஹிட்டி தீவுக்காரர்கள்!

எங்கே இருக்கிறது?

பசிபிக் மகா சமுத்திரத்தின் நடுவே, தண்ணீரில் தூவிய பொட்டுகள் போலச் சிறு சிறு தீவுகள் இருக்கின்றன. இந்தப் பகுதிக்குப் பாலினீசியா என்று பெயர். "பல தீவுகள்" என்பது அதன் பொருள். அதில் ஒரு பகுதி, பிரெஞ்சு ஆட்சிக்கு உட்பட்டது. அதில் மட்டும் சுமார் 118 தீவுகள். மொத்த ஜனத்தொகை, சுமார் 2 லட்சத்து 80 ஆயிரம்தான். நம் நாட்டில் ஒரு நடுத்தர நகரத்தில் இருக்கும் ஜனங்கள் கூட அங்கே இல்லை!

இந்தத் தீவுகளில் பெரியது டஹிட்டி. பப்பீட்டி என்ற ஊர்தான் தலைநகரம். அங்கிருந்து பாரிஸ் நகருக்குப் போக, 15 ஆயிரம் கிலோ மீட்டருக்கு மேல் பறக்க வேண்டும்.

டஹிட்டி கால்பந்து கோஷ்டிக்கு "தோவா ஐத்தோ" என்று பட்டப்பெயர். "ஐத்தோ" என்றால் சவுக்கு மரம்! நம் கடற்கரைகளில் வளர்கிறதே, அதே சவுக்குதான். டஹிட்டியில் அந்த மரத்தில்தான் முற்காலத்தில் ஈட்டியும் தடியும் செய்தார்கள். இரும்பு இல்லாத தீவில் அதுதான் இரும்பு. அதனால் போர் வீரனுக்கும் "ஐத்தோ" என்றே பெயர் வந்தது.

பெற்றவள் ஒருத்தி, வளர்ப்பவள் ஒருத்தி

டஹிட்டி மக்களுக்குக் குடும்பம்தான் எல்லாம். குடும்பம் என்றால் அப்பா, அம்மா, பிள்ளைகள் மட்டும் அல்ல. பாட்டன், பாட்டி, அத்தை, மாமன், அவர்கள் பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்ததுதான் குடும்பம்.

அங்கே "ஃபாஆமூ" என்று ஒரு வழக்கம் இருக்கிறது. "சோறு ஊட்டுவது" என்று அதற்குப் பொருள். ஒருத்தி பெற்ற பிள்ளையை, அவளுடைய தாயாரோ, அக்காளோ, பிள்ளை இல்லாத உறவினரோ தங்கள் பிள்ளையாக வளர்ப்பார்கள். பிள்ளைக்குப் பெற்ற தாய் யார் என்பது தெரியும். மறைப்பதில்லை. இரண்டு வீடும் அவனுக்குச் சொந்த வீடு. இரண்டு தாயும் அவனுக்குத் தாய்.

ஞாயிற்றுக்கிழமை வந்தால் காலையில் மாதா கோவில். பிறகு குடும்ப விருந்து. தரையில் குழி தோண்டி, விறகை எரித்து, கற்களைப் பழுக்கக் காய்ச்சுவார்கள். இறைச்சி, சேப்பங்கிழங்கு, ஈரப்பலாக்காய் இவற்றை இலையில் சுற்றி உள்ளே வைத்து மூடிவிடுவார்கள். பல மணி நேரம் கழித்துத் திறந்தால், எல்லாம் பஞ்சு போல் வெந்திருக்கும். பச்சை மீனை எலுமிச்சம் பழச் சாற்றில் ஊற வைத்து, தேங்காய்ப் பால் ஊற்றியும் சாப்பிடுவார்கள்.

அங்கும் இளவட்டக்கல்!

விளையாட்டு என்பது இவர்களுக்குப் புதிது அல்ல. ஆண்டுதோறும் ஜூலை மாதத்தில் "ஹெய்வா" என்ற திருவிழா நடக்கும். ஆட்டமும் பாட்டும் அமர்க்களப்படும். கூடவே வீர விளையாட்டுகளும் உண்டு. நம் ஊர்ப் பக்கம் இளவட்டக்கல் தூக்குவார்களே, அதே போல் அங்கும் வழவழப்பான பெருங்கல்லைத் தோளுக்குத் தூக்குவார்கள். வாழைத் தாரையும் பழக் குலைகளையும் கம்பில் கட்டித் தோளில் சுமந்துகொண்டு ஓட்டப் பந்தயம் ஓடுவார்கள். தேங்காய் உரிக்கும் போட்டியும் உண்டு.

எல்லாவற்றுக்கும் மேலானது படகுப் பந்தயம். ஒரு படகில் 6 பேர். ஒருவர் பின் ஒருவராக உட்கார்ந்து துடுப்புப் போடுவார்கள். தீவு விட்டுத் தீவு, திறந்த கடலில், 3 நாளில் 100 கிலோ மீட்டருக்கு மேல் போகும் பந்தயமும் உண்டு. ஆறு துடுப்பும் ஒரே நேரத்தில் தண்ணீரில் விழ வேண்டும். ஒருவன் தனியே வீரம் காட்டினால் படகு தடுமாறும்.

படகில் கற்ற இந்தப் பாடத்தைத்தான் அவர்கள் பந்தாட்டத்துக்கும் கொண்டு வந்தார்கள்.

10 கோலில் 9 கோல் ஒரே வீட்டுக்கு!

பப்பீட்டிக்குப் பக்கத்தில் ஃபாஆ என்ற ஊர் இருக்கிறது. விமான நிலையம் அங்கேதான். ஊர்க்காரர்கள் கொண்டாடும் கால்பந்து சங்கத்துக்கு டெஃபானா என்று பெயர். அது அந்த வட்டாரத்தின் பழைய பெயர். இந்தச் சிறிய சங்கம் 2012-ம் ஆண்டில் பசிபிக் நாடுகளின் சங்கங்களுக்கான பந்தயத்தில் இறுதி ஆட்டம் வரை வந்தது. நியூசிலாந்தின் ஆக்லாந்து சங்கத்திடம்தான் தோற்றது.

லொரென்சோ டெஹாவ், ஆல்வின் டெஹாவ் இருவரும் டெஃபானாவின் ஆட்டக்காரர்கள். இரட்டைப் பிள்ளைகள். அவர்களுக்கு மூத்தவர், ஜோனதன் டெஹாவ். டியோனுய் டெஹாவ் இவர்களுக்கு ஒன்றுவிட்ட சகோதரர். நான்கு பேரும் டஹிட்டி கோஷ்டியில் இடம் பெற்றார்கள்.

2012-ம் ஆண்டு ஜூன் மாதம், சாலமன் தீவில் பசிபிக் நாடுகளின் கோப்பைப் பந்தயம் நடந்தது. முதல் ஆட்டத்தில் டஹிட்டி, சமோவாவைச் சந்தித்தது. 10 கோல் போட்டு, ஒரு கோல்தான் வாங்கியது. அந்த 10 கோலில் 9 கோலை டெஹாவ் குடும்பத்தாரே போட்டார்கள்! லொரென்சோ 4, ஆல்வின் 2, ஜோனதன் 2, டியோனுய் 1. மீதி ஒரு கோலைப் போட்டவர், ஸ்டீவி சோங் ஹூ.

அந்தச் சோங் ஹூதான் இறுதிப் பந்தயத்திலும் கோல் போட்டார். நியூ கலிடோனியாவை 1–0 என்ற கணக்கில் டஹிட்டி வென்றது. 1973-ம் ஆண்டு தொடங்கிய இந்தக் கோப்பையை அதுவரை ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும்தான் மாற்றி மாற்றி எடுத்துச் சென்றன. ஒரு சின்னத் தீவு அதைத் தூக்கியது அதுவே முதல் தடவை.

வெற்றியோடு ஓர் அழைப்பும் வந்தது. "பிரேசிலுக்கு வாருங்கள். உலகச் சாம்பியன்களோடு ஆடுங்கள்!"

கை நிறையச் சம்பளம் இல்லை

சந்தோஷமான செய்திதான். ஆனால் பயம் இல்லாமல் இருக்குமா?

பந்தாட்டத்தையே தொழிலாகக் கொண்டு பிழைத்தவர், கோஷ்டியில் ஒரே ஒருவர். அவர் மராமா வஹிருவா. மற்றவர்களில் லாரி ஓட்டுபவர் இருந்தார். வீடு வீடாகச் சாமான் கொண்டு போய்க் கொடுப்பவர் இருந்தார். ஆசிரியர் இருந்தார். கணக்கு எழுதுபவர் இருந்தார். வேலை தேடி அலைந்தவர்களும் பலர் இருந்தார்கள். பகலில் பிழைப்பு, மாலையில் பந்து. இப்படி இருந்தவர்கள் கோடீசுவர ஆட்டக்காரர்களோடு மோத வேண்டும்.

அதற்கு முன்பு ஒரு கசப்பான அனுபவமும் இருந்தது. 2009-ல் எகிப்தில் நடந்த 20 வயதுக்கு உட்பட்டவர்களின் உலகக் கோப்பைக்கு டஹிட்டிப் பையன்கள் போனார்கள். 3 ஆட்டத்தில் 21 கோல் வாங்கினார்கள். ஒரு கோல் கூடப் போடாமல் ஊர் திரும்பினார்கள்.

இந்தத் தடவையும் அப்படி ஆகிவிட்டால்? உலகமே பார்த்துச் சிரிக்காதா? பெற்றவர்களும் ஊர்க்காரர்களும் தலை குனிய நேராதா?

அதனால் பயிற்சியாளர் எடி எட்டாயெட்டாவும் ஆட்டக்காரர்களும் ஒரே ஓர் ஆசையோடு புறப்பட்டார்கள். கோப்பை வேண்டாம். வெற்றி கூட வேண்டாம். ஒரு கோல்! ஒரே ஒரு கோல் போட்டால் போதும்!

படகு விட்டார்கள்!

ஜூன் 17-ந் தேதி, முதல் ஆட்டம். எதிரி, ஆப்பிரிக்கச் சாம்பியன் நைஜீரியா. (வெற்றிப் பணம் எவ்வளவு என்ற தகராறில் அந்தக் கோஷ்டி தாமதமாகத்தான் பிரேசில் வந்து சேர்ந்திருந்தது.)

இடைவேளைக்குள் நைஜீரியா 3 கோல் போட்டுவிட்டது.

இடைவேளை முடிந்தது. 54-வது நிமிடம். மூலையிலிருந்து வஹிருவா பந்தை உதைத்தார். பந்து வளைந்து வந்தது. ஒருவர் துள்ளி எழுந்து தலையால் முட்டினார். கோல்!

முட்டியவர், ஜோனதன் டெஹாவ்!

ஆட்டக்காரர்கள் ஓடினார்கள். புல் தரையில் ஒருவர் பின் ஒருவராக உட்கார்ந்தார்கள். படகில் துடுப்புப் போடுவது போல் கைகளை வீசினார்கள்! வஹிருவா பிரான்சில் கோல் போடும்போதெல்லாம் தன்னந்தனியாக இப்படித் துடுப்புப் போட்டுக் காட்டுவார். அன்றைக்கு அவருடைய படகில் ஆள் சேர்ந்துவிட்டது!

விதியின் விளையாட்டைப் பாருங்கள். சற்று நேரத்தில் அதே ஜோனதன் மேல் பட்ட பந்து டஹிட்டியின் கோலுக்குள் போய்விட்டது. சேம்சைடு கோல்! ஆட்டம் 6–1 என்று முடிந்தது. ஆனாலும், அந்த ஒரு கோலை யாரால் அழிக்க முடியும்?

வந்தவருக்குப் பூமாலை, போகிறவருக்குச் சிப்பி மாலை

அடுத்ததுதான் ஸ்பெயினுடன் நடந்த ஆட்டம்.

டஹிட்டியில் ஒரு வழக்கம். ஊருக்கு வருகிறவருக்குப் பூமாலை போடுவார்கள். ஊரை விட்டுப் போகிறவருக்குச் சிப்பி மாலை போடுவார்கள். பூ வாடிவிடும், சிப்பி வாடாது. பிரிந்தவர் ஊரை மறக்கக் கூடாது அல்லவா?

அதே சிப்பி மாலைகளை ஆட்டக்காரர்கள் பிரேசிலுக்கும் கொண்டு வந்திருந்தார்கள். ஆட்டம் தொடங்கும் முன் எதிர்க் கோஷ்டிக்காரர்களுக்கு அவற்றை அணிவித்தார்கள். தங்களைத் தோற்கடிக்கப் போகிறவர்கள் என்று தெரிந்தே மாலை போட்டார்கள்!

ஆட்டம் ஆரம்பமாயிற்று. டஹிட்டிக்காரர்கள் முரட்டு ஆட்டம் ஆடவில்லை. எதிரியின் காலை வாரவில்லை. எல்லோரும் கோலுக்கு முன்னால் சுவர் போல நின்று மறிக்கவும் இல்லை. தெரிந்த ஆட்டத்தைத் திறந்த மனத்தோடு ஆடினார்கள். ஸ்பெயின் வீரர் டோரஸ் மட்டும் 4 கோல் போட்டார். அவரே ஒரு பெனால்டி உதையைக் கோல் கம்பத்தில் அடித்து வீணாக்கினார். அப்போது மைதானமே அதிர்ந்தது. டஹிட்டியே கோல் போட்டதைப் போல் ஜனங்கள் ஆர்ப்பரித்தார்கள்!

ஜூன் 23-ந் தேதி கடைசி ஆட்டம். உருகுவே 8 கோல் போட்டது. அதிலும் ஒரு பெருமை உண்டு. உருகுவே அடித்த பெனால்டி உதையை டஹிட்டியின் கோல் கீப்பர் மெரியல் பாய்ந்து தடுத்துவிட்டார்.

3 ஆட்டத்தில் வாங்கியது 24 கோல். போட்டது ஒரு கோல். கணக்கைப் பார்த்தால் படுதோல்வி.

ஆட்டம் முடிந்ததும் டஹிட்டிக்காரர்கள் மைதானத்தை விட்டுப் போகவில்லை. பிரேசில் கொடிகளை எடுத்துக்கொண்டார்கள். "நன்றி, பிரேசில்" என்று அந்த ஊர் மொழியில் எழுதிய துணியை விரித்துப் பிடித்தார்கள். ஜனங்களை நோக்கிக் கை அசைத்தார்கள். ஜனங்கள் பதிலுக்குக் கை தட்டினார்கள்.

மணலில் வந்த மகுடம்

பலசாலியிடம் மாலையைக் கொடுத்து, அடியை வாங்கிக்கொண்டு வந்தால் போதுமா என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அதற்கும் டஹிட்டி பதில் சொன்னது.

கடற்கரை மணலில், வெறுங்காலோடு, கட்சிக்கு 5 பேர் ஆடும் பந்தாட்டம் ஒன்று உண்டு. அதற்கும் உலகக் கோப்பை இருக்கிறது. 2013 செப்டம்பரில் அந்தப் பந்தயம் பப்பீட்டியிலேயே நடந்தது. டஹிட்டி 4-வது இடம் பெற்றது.

2015-ல் போர்த்துக்கல் நாட்டில் நடந்த பந்தயத்தில் இறுதி ஆட்டத்துக்கே வந்துவிட்டது! போர்த்துக்கலிடம் 5–3 என்ற கணக்கில்தான் தோற்றது. 2017-ல் பஹாமாஸ் தீவில் மறுபடியும் இறுதி ஆட்டம். இந்தத் தடவை வென்றது பிரேசில். ஆக, 2 தடவை உலகத்தில் 2-வது இடம்! இந்த மணல் வீரர்கள், முன்னோர் ஆடிய போர் நடனத்தை மைதானத்தில் ஆடிக் காட்டுவார்கள். பார்க்கிறவர்களுக்கு மயிர்க் கூச்செறியும்.

பெரிய மைதானம் வேண்டாம். விலை உயர்ந்த பூட்ஸ் வேண்டாம். வாசலில் கிடக்கும் மணலும், சேர்ந்து ஆட அண்ணன் தம்பிகளும் போதும் என்பதை அந்தத் தீவு காட்டிவிட்டது.

மரக்கானாவில் ஸ்பெயின் போட்ட 10 கோலும் யார் யார் போட்டது என்று இன்று கேட்டால், பலருக்கு நினைவு இருக்காது. ஆனால், புல் தரையில் உட்கார்ந்து படகு விட்டவர்களை, பார்த்தவர் யாரும் மறக்கவில்லை.

பூ வாடிவிடும். சிப்பி வாடாது!