பாதியில் நிற்கும் எக்ஸ்பி... சிடி டிரைவ்தான் குற்றவாளியா?

நீலத் திரை. அதில் நகர்ந்துகொண்டிருந்த மஞ்சள் பட்டை பாதி வழியில் நின்றுவிடுகிறது. 'இந்த ஃபைலை காப்பி செய்ய முடியவில்லை' என்று ஆங்கிலத்தில் ஒரு செய்தி. மறுபடி முயல என்டர், அந்த ஃபைலைத் தாண்டிப்போக எஸ்கேப், வெளியேற எஃப்3. என்டரைத் தட்டினால் சிடி டிரைவ் ஒருமுறை உறுமுகிறது. மறுபடியும் அதே செய்தி!

பழைய கம்ப்யூட்டரில் விண்டோஸ் எக்ஸ்பி இன்ஸ்டால் செய்தவர்கள் பலர் இந்தத் திரையைப் பார்த்திருப்பார்கள். 2001 அக்டோபரில் வந்த எக்ஸ்பிக்கு, 2014 ஏப்ரல் 8-ம் தேதியோடு மைக்ரோசாஃப்ட் ஆதரவை நிறுத்திவிட்டது. இன்னுமா இது வேண்டும் என்று கேட்கலாம். புது விண்டோஸில் திறக்காத பில்லிங் சாஃப்ட்வேர், எக்ஸ்பிக்கு மட்டுமே டிரைவர் உள்ள ஸ்கேனர், எம்ப்ராய்டரி மெஷினோடு வந்த டிசைன் புரோகிராம்... இவற்றை நம்பித் தொழில் செய்கிறவர்களுக்கு அந்தப் பழைய பெட்டி படுத்துவிட்டால் அன்றைய வேலையும் படுத்துவிடும்.

அப்போது முதலில் திட்டு வாங்குவது சிடி டிரைவ்தான். புது டிரைவ் வாங்கி மாட்டி, அதுவும் அதே இடத்தில் நின்ற பிறகே சந்தேகம் வேறு பக்கம் திரும்புகிறது.

முதலில் போட்டோக்கள்!

ரிப்பேரில் இறங்கும் முன் செய்யவேண்டிய காரியம் ஒன்று உண்டு. ஹார்ட் டிஸ்கைக் கழற்றி, யுஎஸ்பி அடாப்டர் மூலம் இன்னொரு கம்ப்யூட்டரில் இணைத்து, உள்ளே இருப்பதை எல்லாம் காப்பி எடுத்துவிடுங்கள். எக்ஸ்பி இன்ஸ்டாலில் பார்ட்டிஷன் பட்டியல் காட்டும் திரை வரும். அங்கே 'டி' தட்டி, உறுதிசெய்ய 'எல்' தட்டினால் போதும், ஒரு பார்ட்டிஷன் காலி. மூன்றாவது, நான்காவது முறையாக எரிச்சலோடு முயலும்போதுதான் விரல் இப்படித் தவறும். கல்யாண போட்டோக்கள், குழந்தையின் முதல் பிறந்தநாள் வீடியோ, பத்து வருடக் கடைக் கணக்கு எல்லாம் அதில்தானே இருக்கின்றன! ஹார்ட் டிஸ்கில் 'டிக் டிக்' என்று சத்தம் வந்தால் அதைத் திரும்பத் திரும்ப ஆன் செய்யாமல், டேட்டா மீட்டுத் தருபவரிடம் கொடுப்பதே நல்லது.

ஒரே ஃபைலா, வேறு வேறு ஃபைலா?

இன்ஸ்டால் எந்த ஃபைலில் நிற்கிறது என்று ஒரு காகிதத்தில் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறையும் அதே ஃபைல் என்றால், சிடியில் அந்த இடம் கெட்டிருக்க வாய்ப்பு அதிகம். ஒவ்வொரு முறையும் வேறு வேறு ஃபைல் என்றால் கேபிளையும் ரேமையும் சந்தேகப்படுங்கள். ஆம், ரேம்! சிடியிலிருந்து படிப்பது ரேம் வழியாகத்தான் ஹார்ட் டிஸ்குக்குப் போகிறது. ரேம் பழுதானால் சரியாகப் படித்ததும் தப்பாகிவிடும். இரண்டு ரேம் இருந்தால் ஒன்றைக் கழற்றிவிட்டு முயன்று பார்க்கலாம்.

எஸ்கேப் தட்டி அந்த ஃபைலைத் தாண்டிவிடலாமே என்று தோன்றும். வேண்டாம். இன்ஸ்டால் முடிந்தது போலத் தெரியும். பிறகு அந்த ஃபைல் தேவைப்படும் நாளில் பிரின்டரோ சவுண்டோ காரணம் தெரியாமல் மக்கர் செய்யும்.

சிடியைச் சோதிப்பது எளிது. வேறொரு கம்ப்யூட்டரில் போட்டு, அதிலுள்ள 'ஐ386' ஃபோல்டர் முழுவதையும் காப்பி செய்து பாருங்கள். அங்கும் தடுமாறினால் சிடிதான் கெட்டிருக்கிறது. பளபளக்கும் அடிப்பக்கக் கீறலுக்குத்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். ஆனால், 1.2 மில்லிமீட்டர் தடிமனுள்ள சிடியில் தகவல் இருக்கும் படலம், பெயர் அச்சிட்ட மேல்பக்கத்தை ஒட்டியே இருக்கிறது. அடிப்பக்கத்தில் லேசான கீறல் இருந்தாலும் டிரைவ் பெரும்பாலும் சமாளித்துவிடும். மேல்பக்கம் உரிந்தால் தகவலும் சேர்ந்தே போய்விடும். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் ஊசித் துளைகள் தெரியும். வீட்டில் ரைட் செய்த சிடி என்றால் வெயிலும் எதிரி. அதில் தகவலைத் தாங்கும் சாயம் மங்கிவிடும். நல்ல காப்பி இருந்தால், குறைந்த வேகத்தில் புதிதாக ஒன்று ரைட் செய்துகொள்ளலாம்.

'இதே டிரைவில் டிவிடி படம் ஓடுகிறதே, டிரைவ் நன்றாகத்தான் இருக்கிறது' என்று அடித்துச் சொல்பவர்கள் உண்டு. அங்கேதான் ஒரு சிக்கல். சிடியைப் படிக்க 780 நானோமீட்டர் லேசர் வேண்டும்; டிவிடிக்கு 650. டிவிடி டிரைவுக்குள் இரண்டுமே இருக்கின்றன. ஒன்று பலவீனமானாலும் மற்றது பிழைத்திருக்கும். எக்ஸ்பி வருவது சிடியில். ஆகவே சிடியைப் போட்டுச் சோதித்தால்தான் கணக்கு. லென்ஸில் தூசி இருந்தால், ஐசோப்ரொபைல் ஆல்கஹால் லேசாகத் தொட்ட காட்டன் பட்ஸால் மெதுவாகத் துடைத்து, காய்ந்த பிறகு பாருங்கள். அழுத்தித் தேய்த்தால் லென்ஸ் இடம் பெயர்ந்துவிடும்.

டிரைவ் கண்ணுக்கே தெரியவில்லையா?

பயாஸ் பட்டியலில் டிரைவின் பெயரே வராவிட்டால் லென்ஸைத் துடைத்துப் பயனில்லை. கேபிள்தான் காரணமாக இருக்கும். பழைய பட்டைக் கேபிளில் ஹார்ட் டிஸ்கும் சிடி டிரைவும் சேர்ந்திருந்தால், பின்பக்கக் குட்டி ஜம்பரில் ஒன்று மாஸ்டராகவும் மற்றது ஸ்லேவாகவும் இருக்க வேண்டும். இரண்டும் மாஸ்டர் என்றால் சண்டைதான்! 80 கம்பி கேபிளில் நீல முனை மதர்போர்டுக்கு, கறுப்பு மாஸ்டருக்கு, நடுவிலுள்ள சாம்பல் ஸ்லேவுக்கு.

'ஹார்ட் டிஸ்க் எதுவும் இல்லை' என்று செய்தி வந்தால் சிடி டிரைவை விட்டுவிடுங்கள். சற்றுப் புதிய கம்ப்யூட்டர்களில் சாட்டா டிஸ்க் 'ஏஹெச்சிஐ' முறையில் இயங்கும். எக்ஸ்பி சிடியில் அதற்கான டிரைவர் கிடையாது. பயாஸில் அதை 'ஐடிஇ' என்று மாற்றினால் பெரும்பாலும் வழி திறக்கும்.

இதைவிட வேடிக்கை விண்டோஸ் 7. பென் டிரைவில் இன்ஸ்டால் செய்யும்போதுகூட 'சிடி, டிவிடி டிரைவுக்கான டிரைவர் இல்லை' என்று கேட்கும். டிவிடி டிரைவே இல்லாத லேப்டாப்பிலும் கேட்கும்! 2009-ல் வந்த விண்டோஸ் 7-க்கு யுஎஸ்பி 3 போர்ட்டைக் கையாளத் தெரியாது. பென் டிரைவை அங்கே செருகினால் பாதியில் தொலைத்துவிட்டு, பழியை டிவிடி டிரைவ் மேல் போடுகிறது. நீல நிற போர்ட்டிலிருந்து எடுத்து, கறுப்பு நிற யுஎஸ்பி 2 போர்ட்டில் செருகிப் பாருங்கள். அப்படியும் கேட்டால் பென் டிரைவில் ஏற்றிய ஃபைலே பழுதாக இருக்கலாம்.

ஃபைல்கள் காப்பியாகி எக்ஸ்பி முதல்முறை ரீஸ்டார்ட் ஆகும்போது, 'சிடியிலிருந்து தொடங்க ஏதாவது கீயை அழுத்துங்கள்' என்று மறுபடி வரும். இந்த முறை எதையும் தொடாதீர்கள். தொட்டால் எல்லாம் முதலிலிருந்து! சிடியை வெளியே எடுக்கவும் வேண்டாம், மீதி வேலைக்கு அது தேவை. 39 நிமிடம் என்று காட்டும் திரை வந்துவிட்டால் டீ போடப் போகலாம்.

முடிந்ததும் இன்டர்நெட் கேபிளைச் செருகாதீர்கள். பாதுகாப்பு அப்டேட் நின்றுபோன சிஸ்டம் இது. பில்லிங்குக்கோ மெஷினுக்கோ நெட் இல்லாமலே அது ஓடட்டும். எல்லாம் சரியாக ஓடுகிற அன்றே, முழு ஹார்ட் டிஸ்கையும் இமேஜாக எடுத்து வேறொரு டிஸ்கில் வைத்துவிட்டால், அடுத்த முறை சிடி டிரைவின் தயவே தேவைப்படாது.