பத்தாவது முடித்ததும் ஒரு டிக்... டாக்டரா இல்லையா? தெரியுமா?

அமெரிக்காவில் டாக்டராக ஆசைப்படுகிறவர் முதலில் நாலு வருஷம் ஏதாவது ஒரு டிகிரி முடிக்க வேண்டும், தெரியுமா? ‘ஏதாவது’ என்றால் நிஜமாகவே ஏதாவதுதான்! சரித்திரம், சங்கீதம், தத்துவம், எதுவானாலும் சரி. மருத்துவக் கல்லூரி கேட்கிற உயிரியல், வேதியியல், இயற்பியல் தாள்களைக் கூடவே முடித்திருந்தால் போதும். ‘ஜுராசிக் பார்க்’ எழுதிய மைக்கேல் கிரைட்டன் ஹார்வர்டில் முதலில் படித்தது மானிடவியல். 1969-ல் அங்கேயே மருத்துவப் பட்டமும் வாங்கினார்! அந்த ஊர் நுழைவுத் தேர்வான எம்கேட்டில் 2015 முதல் உளவியல், சமூகவியல் கேள்விகள்கூட உண்டு.

நம்ம பெரிய காஞ்சிபுரத்துக்கு வாருங்கள். பிள்ளையார்பாளையத்துத் தறிக்காரர் வீட்டுப் பெண்ணுக்கு டாக்டரா இல்லையா என்ற முடிவு பதினைந்து, பதினாறு வயதிலேயே வந்து நிற்கிறது! பத்தாவது ரிசல்ட் வந்த கையோடு பதினொன்றாம் வகுப்பு விண்ணப்பத்தில் எந்த குரூப் என்று எழுத வேண்டும். 1978-ல் பிளஸ் டூ வருவதற்கு முன் இந்தத் தலைவலி கல்லூரியில், பி.யூ.சி.யில் இருந்தது. தாத்தாக்களைக் கேளுங்கள், ‘செகண்ட் குரூப்’ கதை சொல்வார்கள்.

நம் மருத்துவ நுழைவுத் தேர்வான நீட் மொத்தம் 720 மதிப்பெண். அதில் சரிபாதி, 360, உயிரியலுக்கு! கணக்குக்கு? பூஜ்யம்! அப்படியிருந்தும் பயோ-மேத்ஸ் எடுக்கச் சொல்லி வீட்டில் அடம்பிடிப்பது ஏன்? பொறியியல் கதவும் திறந்திருக்குமே! கணக்கு நன்றாக வரும் பிள்ளைக்கு அது சரி. கணக்கென்றாலே வேர்க்கும் பிள்ளையை அதில் தள்ளுவது வீண் கொடுமை. தாவரவியல், விலங்கியல் உள்ள பியூர் சயின்ஸ் போதும். இயற்பியலை மட்டும் லேசாக நினைக்காதீர்கள், நீட்டில் அதற்கு 180!

உயிரியல் இல்லாமல் கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்துவிட்டு மனசு மாறினால்? முன்பெல்லாம் அவ்வளவுதான். 2023 நவம்பரில் தேசிய மருத்துவ ஆணையம் வழிவிட்டது: பிளஸ் டூ முடித்த பிறகும் அங்கீகாரம் பெற்ற வாரியத்தில் உயிரியலைக் கூடுதல் பாடமாக எழுதித் தேறி நீட் எழுதலாம்! உச்ச வயது வரம்பும் 2022-லேயே போய்விட்டது. ஆனால் பி.எஸ்ஸி. விலங்கியல் முடித்தால் எம்.பி.பி.எஸ்.ஸில் நேராகச் சேரலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். டிகிரி இருந்தாலும் அதே நீட்தான்.

இன்னொன்று! தமிழ்நாட்டு மருத்துவச் சேர்க்கையில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2020 முதல் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு. இதில் வருகிறவர்களுக்குத் தனியார் கல்லூரியில் இடம் கிடைத்தாலும் கட்டணம் அரசுடையது! ஆனால் பொதுவாக ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். அரசு உதவி பெறும் பள்ளி இதில் சேராது. பேர் பெற்ற பள்ளி என்று பதினொன்றாம் வகுப்புக்கு டி.சி. வாங்கி மாற்றும் முன், அது அரசுப் பள்ளியா, உதவி பெறும் பள்ளியா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.