மூட்டை கட்டுமுன் ஒரு வார்த்தை

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. கணிதம்)

‘வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்’ என்று நம் முன்னோர் கூறுவர். இவ்விரண்டோடு ‘வீட்டை மாற்றிப் பார்’ என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம் என்பது என் அனுபவம். குடியிருந்த வீட்டைக் காலி செய்து, சாமான்களை லாரியில் ஏற்றி வேறோர் ஊருக்குச் செல்லும்போது, வழியில் ஒரு பொருள் உடைந்தால் அதற்கு யார் பொறுப்பு? ‘இன்ஷூரன்ஸ்’ என்று கட்டணம் வாங்குகிறார்களே, அது எதற்கு? இக்கேள்விகளுக்கு விடை தெரியாமல் எங்கள் குடும்பம் பட்ட பாட்டை முதலில் கூறி, பிறகு நான் படித்துத் தெரிந்துகொண்டவற்றை விளக்க விரும்புகிறேன்.

எங்கள் வீட்டில் நடந்தது

என் தந்தையார் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் வேலை பார்த்து வந்தார். ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். அம்மா வீட்டிலேயே இட்லி மாவு ஆட்டி விற்பார். பாட்டனாரின் உடல்நிலை காரணமாக 2024 மே மாதம் சேலத்துக்கு வீடு மாற்ற நேர்ந்தது. நான் அப்போதுதான் பன்னிரண்டாம் வகுப்புத் தேறியிருந்தேன். எங்கள் குடும்பத்தில் அந்தப் படியைத் தாண்டிய முதல் ஆள் நான்தான்.

சாமான்களைக் கட்டி ஏற்றிச் செல்லும் ஒரு நிறுவனத்தாரிடம் பேசினோம். லாரி வாடகை ரூ.14,000. அதற்கு மேல், ‘இன்ஷூரன்ஸ் 3 சதவீதம்’ என்று ஒரு வரி. “சாமானோட மதிப்பு ரவுண்டா ஒரு லட்சம்னு போட்டுக்கலாங்க” என்று வந்தவர் கூறினார். அப்பாவும் தலையசைத்து ரூ.3,000 சேர்த்துக் கொடுத்தார்.

அவிநாசி, பெருந்துறை, பவானி, சங்ககிரி வழியாக லாரி சேலம் வந்து சேர்ந்தபோது இரவு ஒன்பது மணி. கோடை மழை தூறிக்கொண்டிருந்தது. அவசர அவசரமாகச் சாமான்களை இறக்கிவிட்டு, லாரியோடு வந்தவர் ஒரு தாளை நீட்டினார். அப்பா அதை என்னிடம் கொடுத்து, “கண்ணு, படிச்சவ நீதானே. பாத்து ஒரு கையெழுத்துப் போடு சாமி” என்றார். தாள் ஆங்கிலத்தில் இருந்தது. விளக்கு வெளிச்சம் மங்கல். நான் படிக்காமலே கையெழுத்திட்டேன்.

மறுநாள் காலையில் சாக்கைப் பிரித்தபோது அம்மாவின் பெரிய கிரைண்டரில் டிரம் நசுங்கியிருந்தது, கல் விரிந்திருந்தது. ரூ.22,000 கொடுத்து வாங்கியது. நிறுவனத்துக்குத் தொலைபேசியில் சொன்னோம். “எல்லாம் நல்ல நிலையில் பெற்றுக்கொண்டோம் என்று உங்கள் பெண் கையெழுத்துப் போட்டிருக்கிறதே” என்றார்கள். இன்ஷூரன்ஸ் பாலிசியின் எண்ணைக் கேட்டோம். அப்படி ஒரு பாலிசியே எடுக்கப்படவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. அம்மா என்னைக் கடிந்து ஒரு சொல் சொல்லவில்லை. “போனாப் போவுது கண்ணு” என்றார். அந்தச் சொல்தான் என்னை மாவட்ட மைய நூலகத்துக்கு அனுப்பியது.

மூன்று பொறுப்புகள்

நம்மில் பலர் ‘லாரிக்கு இன்ஷூரன்ஸ் இருக்கிறது, ஆகவே நம் பொருளுக்கும் இருக்கிறது’ என்று நினைக்கிறோம். இது தவறு. இங்கே மூன்று தனித்தனிப் பொறுப்புகள் உள்ளன.

முதலாவது, வண்டியின் காப்பீடு. மோட்டார் வாகனச் சட்டப்படி ஒவ்வொரு வாகனத்துக்கும் இது கட்டாயம். ஆனால் இது வண்டியால் பிறருக்கு நேரும் தீங்குக்கும், விரிவான பாலிசியானால் வண்டிக்கு நேரும் சேதத்துக்கும் உரியது. வண்டிக்குள் இருக்கும் நம் பீரோவும் கிரைண்டரும் இதில் அடங்கா.

இரண்டாவது, சரக்கை ஏற்றிச் செல்பவரின் சட்டப் பொறுப்பு. 1865ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக வந்த 2007ஆம் ஆண்டுச் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம் இதைக் கூறுகிறது. இது 2011இல் நடைமுறைக்கு வந்தது. பொருள் சேதமடைந்தால், ஏற்றிச் சென்றவரின் கவனக்குறைவை நாம் நிரூபிக்க வேண்டியதில்லை என்பது இச்சட்டத்தின் சிறப்பு. ஆனால் இழப்பீட்டுக்கு ஓர் எல்லை உண்டு. விதிகளின்படி அது வாடகையைப் போல் பத்து மடங்கு. அதுவும் நாம் எழுதிக் கொடுத்த மதிப்பைத் தாண்டக் கூடாது. எங்கள் வாடகை ரூ.14,000. பத்து மடங்கு ரூ.1,40,000. ஆனால் எழுதிய மதிப்பு ஒரு லட்சமே ஆதலால், எல்லாமே அழிந்து போயிருந்தாலும் ஒரு லட்சத்துக்கு மேல் கேட்க முடியாது. இயற்கைச் சீற்றம், போர், கலவரம் போன்றவற்றால் நேரும் இழப்புக்கு ஏற்றிச் செல்பவர் பொறுப்பாக மாட்டார்.

மூன்றாவது, சரக்குப் பயணக் காப்பீடு. உண்மையான ‘இன்ஷூரன்ஸ்’ என்பது இதுதான். இதை வழங்கக் கூடியது அரசின் உரிமம் பெற்ற காப்பீட்டு நிறுவனமே அன்றி லாரி நிறுவனம் அன்று. லாரி நிறுவனம் நமக்காக வாங்கித் தரலாம். அப்படியானால் காப்பீட்டு நிறுவனத்தின் பெயரும், பாலிசி எண்ணும், நம் பெயரும் உள்ள சான்று நம் கைக்கு வர வேண்டும். வராவிட்டால், நாம் கொடுத்த பணத்துக்கு என்ன பெயர் எழுதியிருந்தாலும் அது காப்பீடு ஆகாது. மேலும், பிரீமியம் பெறுமுன் காப்பீட்டு நிறுவனம் பொறுப்பேற்கலாகாது என்பது 1938ஆம் ஆண்டுக் காப்பீட்டுச் சட்டத்தின் விதி. எனவே லாரி புறப்படுமுன்பே சான்று கைக்கு வருவது நல்லது.

வீட்டுப் பொருள்களுக்குத் தனியே காப்பீடு எடுத்திருப்போரும் உண்டு. அது பெரும்பாலும் பாலிசியில் எழுதிய முகவரியில் பொருள் இருக்கும்போது மட்டுமே உதவும். சாலையில் போகும்போது உதவாது. முகவரி மாறியதையும் அந்த நிறுவனத்துக்குத் தெரிவித்தாக வேண்டும்.

ஏ, பி, சி என்னும் மூன்று வகை

உள்நாட்டுச் சரக்குப் பயணக் காப்பீட்டில் மூன்று வகை உண்டு. ‘சி’ வகை தீ, மின்னல் ஆகியவற்றுக்கு மட்டும். ‘பி’ வகையில் இவற்றோடு வண்டி மோதுதல், கவிழ்தல், பாலம் உடைதல் போன்றவையும் சேரும். ‘ஏ’ வகை, விலக்கப்பட்டவை தவிர மற்ற எல்லா ஆபத்துகளுக்கும் உரியது.

எங்கள் லாரி எங்கும் மோதவில்லை, கவிழவும் இல்லை. ஏற்றி இறக்கும்போதோ, பள்ளத்தில் குலுங்கும்போதோதான் கிரைண்டர் உடைந்திருக்க வேண்டும். ஆகவே ‘பி’ வகைப் பாலிசி இருந்திருந்தாலும் எங்களுக்கு ஒரு காசும் கிடைத்திராது. வீட்டுச் சாமான்களுக்கு நேரும் சேதம் பெரும்பாலும் இத்தகையதே. ஆதலால் ‘இன்ஷூரன்ஸ் உண்டா?’ என்று கேட்பதோடு நில்லாமல், ‘எந்த வகை?’ என்றும் கேட்க வேண்டும்.

‘ஏ’ வகையிலும் விலக்குகள் உள்ளன. சரியாகக் கட்டாததால் நேரும் சேதம், பொருளின் இயல்பான தேய்மானம், தாமதத்தால் வரும் நட்டம் ஆகியவை அடங்கா. நகை, ரொக்கம், பத்திரங்கள், சான்றிதழ்கள் ஆகியவற்றை வழக்கமாக ஏற்பதில்லை. அவற்றை நம் கையோடு கொண்டு செல்வதே முறை.

ஒரு சிறிய கணக்கு

குறைந்த மதிப்பு எழுதினால் பிரீமியம் குறையும் என்று மகிழ்வோர் உண்டு. அவர்களுக்காக ஒரு கணக்கு. எங்கள் சாமான்களின் உண்மை மதிப்பைப் பின்னர் உட்கார்ந்து கூட்டிப் பார்த்தோம், ரூ.1,60,000 வந்தது. எழுதியதோ ரூ.1,00,000. உண்மையான பாலிசி இருந்ததாகவே வைத்துக்கொள்வோம். குறைத்துக் காப்பீடு செய்தால், மீதிப் பங்குக்கு நாமே காப்பாளர் என்பது விதி. அதாவது எட்டில் ஐந்து பங்கு நிறுவனத்தின் பொறுப்பு. எட்டில் மூன்று பங்கு நம் பொறுப்பு.

ரூ.22,000இல் எட்டில் ஐந்து பங்கு ரூ.13,750. நமக்கு நட்டம் ரூ.8,250. முழு மதிப்பையும் எழுதியிருந்தால் 3 சதவீதக் கணக்கில் கூடுதலாக எவ்வளவு கட்டியிருப்போம்? ரூ.60,000க்கு ரூ.1,800 மட்டுமே. பழைய பொருளுக்குப் புதுப் பொருளின் விலை கிடைப்பது அரிது என்பதால், கிடைக்கும் தொகை இதனினும் குறையலாம். பள்ளியில் படித்த விகிதக் கணக்கு வாழ்க்கையில் எங்கே வரும் என்று கேட்கும் நண்பர்களுக்கு இதுவே விடை.

சேதம் நேர்ந்தால் செய்ய வேண்டியவை

1. புறப்படுமுன் ஒவ்வொரு பொருளையும், அதன் மதிப்பையும் பட்டியலிட்டு, புகைப்படம் எடுத்து, பட்டியலின் ஒரு படியை வைத்துக்கொள்ள வேண்டும்.

2. இறக்கும்போது பட்டியலோடு ஒப்பிட வேண்டும். பிரித்துப் பார்க்க நேரமில்லையானால், கையெழுத்தின் மேலேயே ‘பிரித்துப் பார்க்கவில்லை’ என்றும், சேதம் தெரிந்தால் அதையும் எழுத வேண்டும். தமிழில் எழுதினாலும் போதும்.

3. சேதம் தெரிந்ததும் காப்பீட்டு நிறுவனத்துக்கு உடனே தெரிவிக்க வேண்டும். மதிப்பீட்டாளர் பார்க்கும் வரை உடைந்த பொருளைப் பழுது பார்க்கவோ எறியவோ கூடாது. கட்டியிருந்த சாக்கையும் அட்டையையும்கூட வைத்திருக்க வேண்டும்.

4. ஏற்றிச் சென்றவருக்குச் சரக்கைப் பதிவு செய்த நாளிலிருந்து 180 நாள்களுக்குள் எழுத்து மூலம் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். தொலைபேசியில் சொன்னது கணக்கில் வராது. இந்த அறிவிப்பு இல்லாமல் அவர்மேல் வழக்குத் தொடர முடியாது. காப்பீடு இருந்தாலும் இதைக் கொடுத்தாக வேண்டும். ஏனெனில் நமக்குப் பணம் கொடுத்த பின், லாரிக்காரரிடம் கேட்கும் நம் உரிமை காப்பீட்டு நிறுவனத்துக்குச் செல்கிறது. அந்த உரிமையை நாம் கெடுத்துவிட்டால் நம் கோரிக்கையும் கெடும்.

5. காப்பீட்டு நிறுவனம் மறுத்தால், அதன் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத வேண்டும். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, பதில் நிறைவு தராவிட்டாலோ சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரை ஓராண்டுக்குள் அணுகலாம். கட்டணமும் இல்லை, வழக்கறிஞரும் வேண்டியதில்லை. லாரி நிறுவனத்தின் மேல் குறையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டாண்டுகளுக்குள் செல்லலாம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். நாம் கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்கு உட்பட்டதானால் அங்கும் கட்டணம் இல்லை. 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தைக் கேட்கலாம்.

முடிவு

இவற்றையெல்லாம் படித்தபின், ‘நல்ல நிலையில் பெற்றோம்’ என்ற கையெழுத்து நமக்கு எதிரான ஒரு சான்றே அன்றி வழியை முற்றும் அடைக்கும் கதவன்று என்பதை அறிந்தேன். சரக்கைப் பதிவு செய்த 118ஆம் நாள், எங்கள் பெயரில் அறிவிப்பு ஒன்றை நானே தமிழில் எழுதினேன். கிரைண்டரின் புகைப்படங்களையும், 3 சதவீதம் வாங்கிய ரசீதின் நகலையும் இணைத்து, ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்பினேன். பாலிசி எங்கே என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டிருந்தேன். மூன்று வாரங்களில், வாங்கிய ரூ.3,000த்தையும், கிரைண்டருக்காக ரூ.9,000த்தையும் அந்த நிறுவனத்தார் கொடுத்தார்கள்.

அந்தப் பணத்தோடு கடனும் வாங்கி அம்மா வேறு கிரைண்டர் வாங்கினார். ஆனால் இடைப்பட்ட நான்கு மாதங்கள் மாவு வியாபாரம் இல்லை. அந்த வருமான இழப்பை எந்தப் பாலிசியின் எந்தப் பத்தியிலும் நான் காணவில்லை. அதற்கு ஒரே காப்பீடு, தொடக்கத்திலேயே கண்ணைத் திறந்து படிப்பதுதான்.

அன்பு நண்பர்களே! இக்கல்லூரியில் படிக்கும் நம்மில் பலர் நம் குடும்பத்தின் முதல் பட்டதாரிகள். ரேஷன் கடை விண்ணப்பம் முதல் வங்கிக் கடன் தாள் வரை ‘படிச்ச பிள்ளை நீதானே’ என்று நம்மிடமே நீட்டுகிறார்கள். அவர்கள் நம் கையெழுத்தை நம்பவில்லை. நம் படிப்பை நம்புகிறார்கள். இப்போது எங்கள் வீட்டுக்கு எந்தத் தாள் வந்தாலும், அப்பாவைப் பக்கத்தில் உட்கார வைத்து ஒவ்வொரு வரியையும் தமிழில் சொல்லிவிட்டுத்தான் பேனாவைத் திறக்கிறேன். வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் அன்றோ!