கைப்பக்குவமும் படக்கருவியும்

“குழம்புக்கு எவ்வளவு புளி கரைக்க வேண்டும், பாட்டி?” என்று பேத்தி கேட்கிறாள்.

“ஒரு கொட்டைப்பாக்கு அளவு,” என்கிறார் பாட்டி.

“உப்பு?”

“தேவையான அளவு போடு.”

“வெங்காயத்தை எவ்வளவு நேரம் வதக்க வேண்டும்?”

“பதம் வரும் வரைக்கும்.”

சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் பல தமிழர் இல்லங்களில் இத்தகைய உரையாடலைக் கேட்கலாம். பாட்டி கூறும் விடைகள் தவறானவை அல்ல. பல்லாண்டுகள் சமைத்துப் பழகிய கைக்கு அளவுக் கரண்டி தேவைப்படுவதில்லை. ஆனால், கொட்டைப்பாக்கையே பார்த்திராத பேத்திக்கு அந்த விடைகள் போதவில்லை. பாட்டி அருகில் இருக்கும்வரை அவரைக் கேட்டுக்கேட்டுச் சமைத்துவிடலாம். அவருடைய காலத்திற்குப் பிறகு அந்த மீன் குழம்பின் சுவை எங்கே கிடைக்கும்? கடையில் வாங்கும் மசாலைத்தூளில் அது இருக்காது.

வீட்டுச் சமையல் ஒரு பழைய பொழுதுபோக்கு. மின்னிலக்கப் புகைப்படக்கலை ஒரு புதிய பொழுதுபோக்கு. இன்றைய மாணவர்கள் பலருக்கு இவ்விரண்டிலும் ஆர்வம் உண்டு. இரண்டையும் தனித்தனியாகவும் செய்து மகிழலாம். இரண்டையும் ஒன்று சேர்த்தால், ஒரு குடும்பத்தின் கைப்பக்குவத்தையே காப்பாற்றலாம்.

ஒளியை எண்ணாக மாற்றும் கருவி

1975ஆம் ஆண்டில், கோடாக் நிறுவனத்தின் பொறியாளர் ஸ்டீவன் சாசன் முதல் மின்னிலக்கப் படக்கருவியை உருவாக்கினார். அதன் எடை ஏறத்தாழ 3.6 கிலோகிராம். ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தை ஒலிநாடாவில் பதிவுசெய்ய அதற்கு 23 வினாடிகள் பிடித்தன. அந்தப் படத்தில் இருந்த படப்புள்ளிகள் 10,000 மட்டுமே. இன்று சட்டைப்பையில் அடங்கும் திறன்பேசி, கண் இமைக்கும் நேரத்திற்குள் பல மில்லியன் படப்புள்ளிகள் கொண்ட வண்ணப்படத்தை எடுத்துவிடுகிறது.

கருவி மாறினாலும் அது வேலை செய்யும் முறை அடிப்படையில் மாறவில்லை. பொருளின்மீது பட்டுத் திரும்பும் ஒளி, வில்லையின் வழியாக உள்ளே நுழைகிறது. உள்ளே இருக்கும் உணரியில் நுண்ணிய புள்ளிகள் வரிசை வரிசையாக உள்ளன. ஒவ்வொரு புள்ளியும் தன்மீது விழுந்த ஒளியின் அளவை மின்னூட்டமாக மாற்றுகிறது. அந்த மின்னூட்டம் எண்களாக மாறுகிறது. அவ்வெண்களின் தொகுப்புதான் நாம் திரையில் காணும் படம்.

எனவே, நல்ல படத்திற்கு முதல் தேவை விலையுயர்ந்த கருவி அன்று, நல்ல ஒளிதான். மங்கலான இடத்தில் கருவி போதிய ஒளியைச் சேர்ப்பதற்காக நீண்ட நேரம் திறந்திருக்கும். அந்த நேரத்தில் கை சற்று அசைந்தாலும் படம் தெளிவிழந்துவிடும். அடுக்குமாடி வீட்டில் இதற்கு எளிய தீர்வு உண்டு. சாப்பாட்டுத் தட்டைச் சன்னலோரம் வைத்து, ஒளி பக்கவாட்டிலிருந்து விழுமாறு செய்யலாம். மறுபக்கத்தில் விழும் நிழல் மிகவும் கறுத்துத் தெரிந்தால், அங்கே ஒரு வெள்ளைத் தாளை நிறுத்தி வைக்கலாம். தாளில் பட்டுத் திரும்பும் ஒளி நிழலை மென்மையாக்கும்.

படம் எடுக்கும் கோணமும் முக்கியம். வாழையிலையில் பரிமாறிய சாப்பாட்டை நேர் மேலிருந்து எடுத்தால், சோறும் கூட்டும் பொரியலும் அப்பளமும் தத்தம் இடத்தில் அழகாகத் தெரியும். பல அடுக்குகளாகச் செய்யப்படும் லப்பீஸ் பலகாரத்தை அப்படி எடுத்தால் மேல் அடுக்கு மட்டுமே தெரியும். அதனை மேசை மட்டத்தில் குனிந்து பக்கவாட்டிலிருந்து எடுக்க வேண்டும். இட்லியிலிருந்து எழும் ஆவியைப் படம்பிடிக்க விரும்பினால், ஒளி இட்லிக்குப் பின்னாலிருந்து வரவேண்டும்; பின்னணி இருண்டிருக்க வேண்டும். ஃபிலிம் சுருளைப் பயன்படுத்திய காலத்தில் ஒரு சுருளில் 24 அல்லது 36 படங்கள்தாம் எடுக்க முடிந்தது. இன்று அந்தக் கட்டுப்பாடு இல்லை. பத்து முறை தவறினாலும் பதினோராம் முறை எடுத்துப் பார்க்கலாம்.

அடுப்படியில் ஓர் அறிவியல் கூடம்

சமையலும் கவனித்துப் பழகவேண்டிய கலைதான். தாளிப்பதையே எடுத்துக்கொள்ளலாம். சூடான எண்ணெயில் போட்ட கடுகு ஏன் வெடிக்கிறது? கடுகுக்குள் இருக்கும் சிறிதளவு நீர் ஆவியாகி விரிகிறது. அதன் அழுத்தத்தைத் தாங்க முடியாமல் தோல் வெடிக்கிறது. கறிவேப்பிலை, சீரகம், வெந்தயம் முதலியவற்றின் மணப்பொருள்களில் பல, நீரைவிட எண்ணெயில் எளிதாகக் கரைபவை. தாளித்ததைக் குழம்பில் கொட்டியதும் அந்த எண்ணெயோடு மணமும் குழம்பெங்கும் பரவுகிறது.

வெங்காயம் பொன்னிறமாவதற்கும் காரணம் உண்டு. உணவிலுள்ள சர்க்கரையும் அமினோ அமிலங்களும் சூட்டில் வினைபுரிந்து புதிய நிறத்தையும் மணத்தையும் தருகின்றன. பிரெஞ்சு வேதியியலாளர் லூயி கமீல் மையார் 1912ஆம் ஆண்டில் இவ்வினையை விளக்கினார். அவருடைய பெயராலேயே அது ‘மையார் வினை’ என அழைக்கப்படுகிறது. இவ்வினை வேகமாக நடைபெற ஏறத்தாழ 140 பாகை செல்சியஸ் வெப்பம் தேவை. வெங்காயத்தில் நீர் மிகுதியாக இருக்கும்வரை அதன் வெப்பநிலை 100 பாகையைத் தாண்டிப் பெரிதாக ஏறாது. நீர் வற்றிய பிறகே நிறம் மாறத் தொடங்கும். இரண்டு வெங்காயத்திற்கு ஆகும் நேரம் பத்து வெங்காயத்திற்குப் போதாது. பாட்டி நிமிடக் கணக்குச் சொல்லாமல் “பதம் வரும் வரைக்கும்” என்று சொன்னதன் பொருள் இப்போது புரியும்.

எழுத்தில் ஏறிய செய்முறைகள்

கைப்பக்குவம் மறைந்துவிடுமோ என்ற கவலை தமிழர்களுக்கு மட்டும் உரியதன்று. பெரானாக்கான் குடும்பங்களிலும் சமையல் செய்முறைகள் நெடுங்காலம் தாயிடமிருந்து மகளுக்கு வாய்மொழியாகவே வந்து சேர்ந்தன. சிங்கப்பூரின் முதல் பிரதமர் லீ குவான் இயூவின் தாயார் சுவா ஜிம் நியோ, சமையலில் பெயர்பெற்றவர். அவர் தாம் அறிந்த நோன்யா உணவு வகைகளின் செய்முறைகளைத் தொகுத்து 1974ஆம் ஆண்டில் ஒரு நூலாக வெளியிட்டார். பின்னாளில் அவருடைய பேத்தி, இக்காலச் சமையலறைகளுக்கு ஏற்றவாறு அந்நூலைப் புதுப்பித்தார். பாட்டி எழுதி வைத்ததால்தான் பேத்தியால் அதனைத் தொடர முடிந்தது.

உணவு ஒரு சமூகத்தின் மரபுடைமை என்பதை உலகமும் ஏற்றுக்கொண்டுள்ளது. சிங்கப்பூரின் உணவங்காடிக் கலாசாரம் 2020ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் யுனெஸ்கோவின் மரபுடைமைப் பட்டியலில் இடம்பெற்றது. உணவங்காடிகளுக்குக் கிடைத்த அந்தக் கவனம், வீட்டு அடுப்படிக்கும் கிடைக்க வேண்டும். அதற்கு ஒரு நூலாசிரியர் தேவையில்லை. ஒரு திறன்பேசியும் ஒரு சமையல் தராசும் ஒரு குறிப்பேடும் போதும்.

கைப்பிடியை அளப்பது எப்படி?

பாட்டியின் கையில் அளவுக் கரண்டியைக் கொடுத்தால் அவருடைய இயல்பான கைப்பழக்கம் கெட்டுவிடும். அவர் வழக்கம்போலவே சமைக்கட்டும். சமைக்கத் தொடங்கும் முன்னர் உப்புச் சாடியைத் தராசில் வைத்து எடையைக் குறித்துக்கொள்ளலாம். சமைத்து முடித்த பின்னர் மீண்டும் எடையைப் பார்க்கலாம். குறைந்துள்ள எடைதான் பாட்டியின் “தேவையான அளவு”. மிளகாய்த்தூள், மல்லித்தூள், புளி ஆகியவற்றையும் இவ்வாறே அளக்கலாம். ஒரே குழம்பை அவர் மூன்று முறை சமைக்கும்போது அளந்து, சராசரியைக் கணக்கிட்டால் இன்னும் துல்லியமான அளவு கிடைக்கும்.

அடுத்தது நேரம். மின்னிலக்கப் படக்கருவி ஒவ்வொரு படத்துடனும் அது எடுக்கப்பட்ட நாளையும் நேரத்தையும் சேர்த்தே சேமித்து வைக்கிறது. வெங்காயத்தை எண்ணெயில் போட்டதும் ஒரு படம், கண்ணாடிபோல் ஆனதும் ஒரு படம், பொன்னிறமானதும் ஒரு படம் என எடுத்தால், பிறகு அந்தப் படங்களே ஒவ்வொரு நிலைக்கும் எத்தனை நிமிடங்கள் ஆயின என்று சொல்லிவிடும். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நிற்க வேண்டியதில்லை.

இங்கே ஒரு சிக்கலும் உண்டு. சமையலறை விளக்கு மஞ்சளாக இருந்தால், வதங்காத வெங்காயமும் படத்தில் பொன்னிறமாகத் தெரியும். அந்தப் படத்தை நம்பிச் சமைப்பவர் ஏமாந்துபோவார். இதனைத் தவிர்க்க, ஒரு வெள்ளைத் தட்டும் படத்தில் தெரியுமாறு எடுக்கலாம். தட்டு மஞ்சளாகத் தெரிந்தால், படத்தின் வண்ணச் சமநிலையைத் தட்டு வெள்ளையாகத் தெரியும்வரை மாற்றிக்கொள்ளலாம். நண்பர்களுக்குக் காட்டுவதற்காக எடுக்கும் படத்தில் நிறங்களைக் கூட்டிக் குறைத்து அழகுபடுத்தலாம். செய்முறைக்காக எடுக்கும் படத்தில் அவ்வாறு செய்யக் கூடாது. முன்னது அழகுக்காக எடுப்பது. பின்னது உண்மைக்காக எடுப்பது.

படம் சொல்லாதவை

எவ்வளவு சிறந்த படக்கருவியாலும் மணத்தைப் பதிவுசெய்ய முடியாது. மசாலையின் பச்சை வாடை எப்போது போனது என்பதைப் படம் காட்டாது. கடுகு பொரியும் ஓசை அடங்கியதும் வெங்காயத்தைச் சேர்க்க வேண்டும் என்பதையும் அது சொல்லாது. இவற்றைப் பாட்டியிடம் கேட்டு எழுதிக்கொள்ளத்தான் வேண்டும். அவ்வாறு கேட்கும்போது நல்ல தமிழ்ச்சொற்களும் சேர்ந்தே கிடைக்கும். எண்ணெயில்லாமலோ சிறிது எண்ணெய் விட்டோ சூடாக்குவது வறுத்தல். சிறிது எண்ணெயில் மென்மையாகும்வரை புரட்டுவது வதக்கல். நிறைய எண்ணெயில் மூழ்கவிட்டு எடுப்பது பொரித்தல். ஆவியிலோ நீரிலோ வேகவைப்பது அவித்தல். இச்சொற்கள் புழங்கும் இடம் அடுப்படி. அங்கே பேச்சு நின்றால் சொற்களும் மறந்துபோகும்.

இதனுடன் கதைகளும் வெளிவரும். இந்தக் குழம்பை யாரிடம் கற்றுக்கொண்டார், ஊரில் கிடைத்த மீன் இங்குக் கிடைக்காதபோது எந்த மீனைப் போட்டார், பக்கத்து வீட்டு மலாய்க்காரப் பெண்மணி சொல்லிக்கொடுத்ததால் பண்டான் இலையைச் சேர்க்கத் தொடங்கினாரா என்றெல்லாம் கேட்கலாம். ஒரு குழம்புக்குள் ஒரு குடும்பத்தின் வரலாறே அடங்கியிருக்கக்கூடும்.

கவனிக்க வேண்டியவை

இரண்டு பொழுதுபோக்குகளையும் இணைக்கும்போது பாதுகாப்பை மறக்கக் கூடாது. கொதிக்கும் எண்ணெய்க்கு மேலே திறன்பேசியை நீட்டிப் படமெடுப்பது ஆபத்தானது. ஒருவர் சமைக்க, மற்றொருவர் சற்றுத் தள்ளி நின்று படமெடுப்பதே நல்லது. எண்ணெய் தீப்பற்றிக்கொண்டால் ஒருபோதும் நீர் ஊற்றக் கூடாது. பாதுகாப்பாகச் செய்ய முடிந்தால் அடுப்பை அணைத்து, பாத்திரத்தை மூடியால் மூட வேண்டும். திறன்பேசியைத் தொட்ட கையைக் கழுவிய பின்னரே உணவைத் தொட வேண்டும். பச்சை இறைச்சிக்கும் காய்கறிக்கும் தனித்தனி வெட்டும் பலகைகள் தேவை. 5 பாகை முதல் 60 பாகை செல்சியஸ் வரையுள்ள வெப்பநிலையில் கிருமிகள் விரைவாகப் பெருகும். ஆகவே, படமெடுக்கும் ஆர்வத்தில் சமைத்த உணவை நெடுநேரம் வெளியே வைத்திருக்கக் கூடாது.

பண்பாடும் முக்கியம். பாட்டியின் முகத்தையோ கையையோ படமெடுக்கும் முன்னரும், அதனைப் பிறருக்கு அனுப்பும் முன்னரும் அவருடைய இசைவைப் பெற வேண்டும். எல்லாரும் பசியோடு அமர்ந்திருக்கும்போது ஒருவர் மட்டும் படமெடுத்துக்கொண்டே இருந்தால் சோறும் ஆறிவிடும், மனமும் கசந்துவிடும். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு. இரண்டு மூன்று படங்களை எடுத்தவுடன் கருவியை ஓரமாக வைத்துவிடுவதே அழகு.

எடுத்த படங்களைப் பாதுகாப்பதும் ஒரு கடமை. திறன்பேசி தொலைந்தால் படங்களும் தொலைந்துவிடலாம். ஆகவே, அவற்றைக் குறைந்தது இரண்டு இடங்களிலாவது சேமித்து வைக்க வேண்டும். முக்கியமான படங்களை அச்சிட்டு, அளவுகளையும் குறிப்புகளையும் பக்கத்தில் எழுதி, ஒரு கோப்பாகத் தொகுத்தால் அது வீட்டிலுள்ள அனைவருக்கும் பயன்படும்.

பேத்தியின் முதல் குழம்பு

இத்தனையும் செய்த பிறகு, பேத்தி அந்தக் குறிப்புகளைப் பார்த்துச் சமைக்கும் முதல் குழம்பு பாட்டியின் குழம்பைப் போலவே இருக்குமா? பெரும்பாலும் இருக்காது. புளியின் புளிப்பு ஒவ்வொரு முறையும் மாறும். அடுப்பின் சூடு மாறும். மீனும் மாறும். ஆயினும், எங்கே தவறியது என்று ஒப்பிட்டுப் பார்க்க அவளிடம் படங்கள் இருக்கின்றன. கேட்டுத் திருத்திக்கொள்ளப் பாட்டியும் இருக்கிறார். பாட்டி ஒரு கரண்டி எடுத்துச் சுவைத்துப் பார்த்து, “இன்னும் கொஞ்சம் புளி விடலாம்,” என்பார். இப்போது அந்தக் ‘கொஞ்சம்’ எவ்வளவு என்று பேத்திக்குத் தெரியும். அவள் அதையும் குறித்துக்கொள்வாள்.

பொழுதைப் போக்குவது மட்டுமே பொழுதுபோக்கின் பயன் அன்று. சில பொழுதுபோக்குகள், போன பொழுதின் நல்லவற்றை அடுத்த தலைமுறைக்குக் கொண்டு சேர்க்கவும் செய்கின்றன. அதற்கான காலம், பாட்டியும் தாத்தாவும் அருகில் இருக்கும் இன்றைய நாள்தான்.