மலையேற்றத்தில் டீசலும் பெட்ரோலும்

மும்பையிலிருந்து மதுரைச் சீமைக்குச் சொந்தக் காரிலேயே சென்றுவரும் குடும்பங்கள் நம்மிடையே பெருகிவிட்டன. ரயிலில் இடம் கிடைக்காததே இதற்குக் காரணமென்று நம்மைப் போன்ற ரயில்வே குமாஸ்தாக்கள்மீது பழி சுமத்துவோரும் உளர், அது கிடக்கட்டும். டீசல் கார் நன்றா, பெட்ரோல் கார் நன்றா என்று அன்பர்கள் அடிக்கடி வினவுகின்றனர். ஏறக்குறைய 1,400 கிலோமீட்டர் கொண்ட அவ்வழியில் தமையனாரின் டீசல் காரையும் நமது பெட்ரோல் காரையும் ஓட்டியவர்களாதலின், கண்டதைக் கூறுகிறோம்.

டீசலின் பெருமை கண்டாலா மலையேற்றத்தில் விளங்கிற்று. ஐந்து பேரும் பெட்டிகளுமாக ஏறியபோதும் வண்டி மூச்சு வாங்கவில்லை. பெட்ரோல் எஞ்சினில் மின்பொறி எரிபொருளைப் பற்றவைக்கிறது. டீசலிலோ பொறி கிடையாது. காற்றை ஏறக்குறைய 16 மடங்கு நெருக்கி, அச்சூட்டிலேயே எண்ணெயை எரிக்கிறது. டர்போ என்னும் காற்றூதியும் சேர்வதால் நிமிடத்திற்கு 2,000 சுற்றிலேயே முழு இழுவை கிடைத்துவிடுகிறது. டர்போ இல்லாத பெட்ரோல் வண்டிக்கு அதற்கு 4,000 சுற்றாவது வேண்டும். ஆகவே ஏற்றத்தில் கியரைக் குறைத்துக் குறைத்து, எஞ்சினை அலறவிட்டே ஏறவேண்டியிருக்கிறது.

ஆயினும் அந்த டர்போவே நம்மை ஒருமுறை கலங்கவைத்தது. சாத்தாராவுக்கு அப்பால் லாரி ஒன்றை முந்துவதற்காக வலப்புறம் ஒதுங்கினோம். நான்காம் கியர், சுற்றோ 1,200தான். மிதித்தும் வண்டி வேகம் கொள்ளவில்லை. பின்னே வந்த பஸ் விளக்கை மின்னவிட்டு நெருங்கிற்று. ஓரிரு விநாடிக்குப்பின் டர்போ விழித்துக்கொள்ளவே, வண்டி பாய்ந்தது. இல்லத்தரசி கோலாப்பூர் வரை ஒரு வார்த்தையும் பேசவில்லை. முந்துவதற்கு முன்பே மூன்றாம் கியருக்கு வந்திருக்க வேண்டும். டர்போ இல்லாத பெட்ரோல் காரில் இத்தகைய தயக்கமில்லை. மிதித்த அளவுக்குச் சீராக விரைகிறது.

தருமபுரி தாண்டித் தொப்பூர் இறக்கத்தில் இரண்டுக்கும் ஒரே விதிதான். நியூட்ரலில் விட்டால் எண்ணெய் மிச்சமாகுமென்று எண்ணுவோர் இன்னும் இருக்கின்றனர். இக்கால வண்டிகள் கியரில் இறங்கும்போதுதான் எரிபொருளை நிறுத்திவிடுகின்றன. நியூட்ரலில் எஞ்சின் எண்ணெயைக் குடித்துக்கொண்டேயிருக்கும். பிரேக்கும் சூடேறிக் கைவிட்டுவிடும்.

ஊர் திரும்பிய பின்னர் டீசலின் குறைகள் தெரிகின்றன. நெரிசலில் அதன் அதிர்வும் இரைச்சலும் சலிப்பூட்டுவன. 2020 ஏப்ரலில் பாரத் 6 விதி வந்தபின் டீசல் கார்களில் கரிவடிகட்டி வைக்கின்றனர். நெடுஞ்சாலையில் சீராக ஓடினால்தான் அதில் சேர்ந்த கரி எரிந்தொழியும். வீட்டுக்கும் மார்க்கெட்டுக்குமாக மட்டுமே ஓட்டிய அன்பர் ஒருவருக்குச் சில மாதங்களிலேயே எச்சரிக்கை விளக்கு எரிந்து, ஒரு மாதச் சம்பளம் ஒர்க்ஷாப்புக்குப் போயிற்று. டீசல் விலையை அரசு கட்டுப்படுத்துவதும் 2014 அக்டோபரில் நின்றுவிட்டது. முன்போல் மலிவு என்று சொல்வதற்கில்லை.

ஆண்டில் பத்து நாள் மலைப்பாதைக்காக மற்ற நாளெல்லாம் நெரிசலில் டீசலை வருத்துவானேன் என்று நாம் பெட்ரோலையே வாங்கினோம். கண்டாலா வந்தால் ஏ.சி.யை நிறுத்திவிடுகிறோம். பின்னிருக்கையில் இருப்போர் வியர்வையைத் துடைத்துக்கொண்டே தமையனாரின் வண்டியைப் புகழ்கின்றனர்.